வெர்னாச்சா: சான் ஜிமிஞானோவின் வெள்ளைத் திராட்சை

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் குன்றின்மேல் அமைந்த ஊர் சான் ஜிமிஞானோ. வெர்னாச்சா அதைச் சுற்றி விளையும் வெள்ளைத் திராட்சை ரகம். அதிலிருந்து எடுக்கும் ஒயினுக்கும் அதே பெயர். மணலும் மஞ்சள் களிமண்ணும் கலந்த இந்த நிலம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. தோட்ட மண்ணில் இன்றும் கிளிஞ்சல்கள் அகப்படுகின்றன.

1276-ஆம் ஆண்டின் நகர ஆணைகள் ஊரைவிட்டு வெளியே போகும் வெர்னாச்சாவுக்கு வரி விதிக்கின்றன. வரி போடும் அளவுக்குச் சரக்கு போயிருக்கிறது. ரோமுக்குச் செல்லும் யாத்திரைப் பாதை ஊர் வழியாகவே போனதால் வாங்க ஆளுக்குக் குறைவில்லை. ஆனாலும் ஊரைச் செழிக்க வைத்ததில் பெரும்பங்கு குங்குமப்பூவுக்கு. வியாபாரத்தில் சேர்ந்த பணத்தைச் செல்வக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கோபுரங்களில் கொட்டின.

கவிஞர் தாந்தே தன் 'டிவைன் காமெடி'யில் போப் நான்காம் மார்ட்டினை உத்தரிக்கிற ஸ்தலத்தில் பட்டினி போடுகிறார். போல்சேனா ஏரியின் விலாங்கு மீனையும் வெர்னாச்சாவையும் ஆசை தீரச் சாப்பிட்டதற்கு அந்தத் தண்டனை. இது சான் ஜிமிஞானோவுக்குக் கிடைத்த புகழாகவே சொல்லப்படுகிறது. அதை அப்படியே ஏற்க முடியாது. அன்று லிகூரியக் கடற்கரையிலிருந்து வந்த ஒயினுக்கும் இதே பெயர்தான். சார்டினியாவின் ஒரிஸ்தானோவில் இன்றும் வேறொரு வெர்னாச்சா உண்டு; மார்க்கே பகுதியிலோ அந்தப் பெயரில் சிவப்பு ஒயினே இருக்கிறது.

ஓவியர் வசாரி தரும் சான்று உறுதியானது. 1348-இன் கொள்ளைநோயில் நொடித்த ஊர் 1353-இல் ஃபிளாரன்சின் ஆட்சிக்குள் வந்திருந்தது. இரண்டு நூற்றாண்டு கழித்து, ஃபிளாரன்சின் பலாஸ்ஸோ வெக்கியோ மண்டப விதானத்தில் அந்நகரின் ஆளுகைக்குட்பட்ட ஊர்களை வசாரி தீட்டியபோது, சான் ஜிமிஞானோவுக்கு அடையாளமாக வெர்னாச்சா குடிக்கும் வனதேவன் ஒருவனை வைத்தார்.

பிறகு சரிவு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கூடுதலாகக் காய்க்கும் திரெப்பியானோவும் மால்வாசியாவும் தோட்டங்களில் இடம் பிடித்தன. வாரத்துக்குப் பயிரிட்ட குடியானவர்களுக்கு விளைச்சல்தானே கணக்கு!

மீட்டது சட்டம். ஒயினின் பிறப்பிடத்துக்குக் காப்பளிக்கும் இத்தாலியின் 'டி.ஓ.சி.' தகுதி 1966-இல் முதன்முதலாக இதற்கே கிடைத்தது. 1993-இல் அதைவிட உயர்ந்த 'டி.ஓ.சி.ஜி.' தகுதியும் வந்தது. 85 விழுக்காடாவது வெர்னாச்சா இருந்தாக வேண்டும் என்பது விதி. முன்பு சாறு தோலோடு ஊறியதால் ஒயின் அடர்பொன் நிறத்தில் இருக்கும்; இப்போது பழத்தை உடனே பிழிந்து, குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் நொதிக்கவிடுவதால் வெளிர்மஞ்சள். விழுங்கிய பின் நாக்கில் நிற்கும் வாதுமைக் கசப்பு மட்டும் இரண்டிலும் உண்டு. சிவப்பு ஒயினுக்குப் பெயர்பெற்ற டஸ்கனியில் அந்த உயர்தகுதி பெற்ற வெள்ளை ஒயின் இது ஒன்றுதான்.