மாஸ்டர் பட்டம் கொடுத்தது யார்?

மும்பையில் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் காகிதங்களை ஒன்று விடாமல் வாசிப்பேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. "சாப்பிட வந்தீங்களா, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தீங்களா?" என்பாள்.

சாமி படத்துக்குப் பக்கத்தில் மாநகராட்சி உரிமம், கடைப் பதிவுச் சான்று, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் எல்லாம் இருக்கும். அத்தனையும் கடையைப் பற்றியவை, அல்லது முதலாளியைப் பற்றியவை. உள்ளே தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிறவரைப் பற்றி ஒரு வரி இருப்பது அபூர்வம். அவரை நாம் "மாஸ்டர்" என்கிறோம். வடக்கத்திக் கடைகளில் "மகாராஜ்" என்கிறார்கள். பட்டம் என்னவோ பெரிசுதான். ஆனால் கொடுத்தது யார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நூற்றைம்பது வருஷக் கதை ஒன்று வருகிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் பார்த்தது பண்டத்தைத்தான். 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 272, 273 பிரிவுகள் உணவுக் கலப்படத்துக்கும், கெட்டுப்போன உணவை விற்பதற்கும் தண்டனை சொல்லின. 1888-ல் வந்த மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 394-வது பிரிவு, சில தொழில்களை உரிமம் இல்லாமல் நடத்தக்கூடாது என்றது. சாப்பாட்டுக் கடைகள் மாநகராட்சியிடம் உரிமம் வாங்குவது அதன் கீழ்தான். பிறகு மாகாணங்கள் தனித்தனியாகக் கலப்படத் தடைச் சட்டம் போட்டன. சென்னை மாகாணம் 1918-ல், வங்காளம் 1919-ல், பம்பாய் 1925-ல். பாலில் தண்ணீர், நெய்யில் கொழுப்பு, இவைதான் அன்றைய கவலை. பாலைக் கறந்தவரும் நெய்யைக் காய்ச்சியவரும் என்ன தெரிந்தவர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்தது சமைக்கிறவர் உடம்பு. இதற்குக் காரணம் டைபாய்டு. அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை அது பாடாய்ப் படுத்தியது. நோயின் அறிகுறியே இல்லாத ஒருவர் அதைப் பரப்ப முடியும் என்பதை உலகத்துக்குக் காட்டியது ஒரு சமையல்காரியின் கதை. அயர்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் பணக்கார வீடுகளில் சமைத்துக் கொண்டிருந்த மேரி மலன். 1907-ல் அவரைக் கண்டுபிடித்துத் தனியாக ஒரு தீவில் அடைத்தார்கள். இனி சமைக்க மாட்டேன் என்று உறுதி வாங்கிக்கொண்டு 1910-ல் விட்டார்கள். துணி துவைக்கும் வேலை கிடைத்தது. அதில் சம்பளம் குறைவு. வேறு பெயரில் திரும்பவும் சமையலுக்கே போனார். 1915-ல் அவர் வேலை பார்த்த ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு டைபாய்டு வந்தது. மறுபடியும் தீவு. 1938-ல் சாகும்வரை அங்கேதான்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் அவரைத்தான் திட்டுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அவர் உடம்பைச் சோதித்தார்கள், தடை போட்டார்கள். சமையலை விட்டால் அதே கூலிக்கு வேறு என்ன செய்வது என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. தன் உடம்புக்குள் நோய் இருக்கிறது என்பதை அவர் கடைசிவரை நம்பவும் இல்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1954-ல் நாடு முழுவதற்கும் ஒரே உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் அதன் விதிகள். பழைய ஹோட்டல்களில் "எங்கள் பலகாரங்கள் இன்ன எண்ணெயில் செய்யப்பட்டவை" என்று ஒரு பலகை தொங்குமே, நினைவிருக்கிறதா? நெய்யா, எண்ணெயா, வனஸ்பதியா என்று எழுதி வைக்கச் சொன்னது அந்த விதிகள்தான். இன்ஸ்பெக்டர் வருவார், மாதிரி எடுப்பார், சீல் வைப்பார், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். 57 வருஷம் இப்படித்தான் ஓடியது.

வேடிக்கை என்னவென்றால் அதே 1954-ல் இதே மும்பையில் இன்னொரு காரியமும் நடந்தது. லீலாவதி முன்ஷி தலைமையில் இயங்கிய பெண்கள் உணவுக் கவுன்சில் ஒரு கேட்டரிங் கல்லூரியைத் தொடங்கியது. இன்றைக்கு தாதரில் இருக்கும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி அதுதான். பின்னாலே டெல்லி, சென்னை, கொல்கத்தா என்று பரவியது. நட்சத்திர ஹோட்டல்களுக்கு ஆட்கள் உருவானார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அது பள்ளி முடித்து மூன்று வருஷம் படிக்க வசதியுள்ள பிள்ளைகளுக்கான கதவு. மாட்டுங்காவில் மாவாட்டிக் கொண்டிருந்த பையன் அந்தப் பக்கம் போகவே முடியாது.

அப்படியானால் நம் மாஸ்டர்கள் எங்கே படித்தார்கள்? உடுப்பி, குந்தாப்பூர், பாலக்காடு, திருநெல்வேலி என்று ஊர் ஊராக ரயிலேறி வந்த பையன்களின் கதை நமக்கெல்லாம் தெரியும். முதலில் டேபிள் துடைப்பது, டம்ளர் கழுவுவது. கொஞ்ச நாளில் தண்ணீர் வைப்பது. அப்புறம் சப்ளையர். கை சுறுசுறுப்பாக இருந்தால் உள்ளே கூப்பிடுவார்கள். காய் நறுக்கி, தேங்காய் துருவி, மாவுப் பதம் பார்த்து, ஒரு நாள் மாஸ்டர் ஊருக்குப் போனபோது கரண்டி கைக்கு வரும். மும்பையில் கன்னடக்காரர்கள் இந்தப் பையன்களுக்காக இரவுப் பள்ளிக்கூடமே நடத்தினார்கள். பகலில் ஹோட்டலில் வேலை, ராத்திரி பாடம் என்று படித்து மேலே வந்தவர்கள் நிறைய.

இந்தப் பயிற்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ரசம் நுரை கட்டும்போது இறக்குவதை எந்தக் கல்லூரியும் இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுக்காது. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. நாக்குக்கும் மூக்குக்கும் தெரிவதை மட்டும்தான் அது சொல்லிக் கொடுத்தது. விரலில் வெட்டுக்காயம் பட்டவர் மூடாமல் சமைத்தால், காயத்தில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி உணவுக்குள் போய் நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. வாசனையும் மாறாது. வடித்த சோற்றை வெளியில் மணிக்கணக்காக வைத்தால் வளரும் பசில்லஸ் சீரியஸ் கிருமியின் நஞ்சும் அப்படித்தான். "திரும்பச் சூடு பண்ணினால் சரியாகிவிடும்" என்று முப்பது வருஷ அனுபவம் உள்ள மாஸ்டரும் சொல்வார். யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால்தான் இது தெரியும்.

இதற்கிடையில் அந்தப் பழைய வாசலும் மூடப்பட்டது. மூடப்பட வேண்டியதுதான், சந்தேகமே இல்லை. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் பட்டியலில் 2006 அக்டோபர் 10 முதல் ஹோட்டல்களும் தாபாக்களும் சேர்ந்தன. 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை அங்கே வேலைக்கு வைக்கக்கூடாது. புது வாசலாக மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. எட்டாம் வகுப்பு படித்த, 18 வயதான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் சமையலும் பரிமாறுதலும் இலவசமாகச் சொல்லிக் கொடுப்பது. வேலைக்குப் புதிதாக வருகிறவருக்கு அது உதவியது. ஏற்கெனவே அடுப்படியில் நிற்கிற லட்சக்கணக்கானவர்கள்?

அவர்களைத் தொட்டது 2006-ல் நிறைவேறிய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்ட் 5. உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஆணையத்தின் வேலைகளில் ஒன்று என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 2011 விதிமுறைகளின் நாலாவது அட்டவணையை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். சமையலறையில் வேலை பார்க்கிறவருக்கு வருஷத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசி. காயத்தை மூட வேண்டும், நகம் வெட்ட வேண்டும், மோதிரம், கைக்கடிகாரம் கூடாது. சூடாகப் பரிமாறும் சாப்பாடு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். மேரி மலன் காலத்துப் பயமும் இன்றைய அறிவியலும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

ஆனாலும் ஒழுங்கான பயிற்சித் திட்டம் வர 2017 ஆனது. பெயர் ஃபோஸ்டாக் (டோல்கேட்டில் காட்டுகிற ஃபாஸ்டேக் இல்லை, இது வேறு!). அடிப்படைப் பயிற்சி சில மணி நேரம், பிறகு ஒரு தேர்வு, சான்றிதழ். அது இரண்டு வருஷம் செல்லும். உரிமம் பெற்ற ஒவ்வொரு இடத்திலும் 25 பணியாளர்களுக்கு ஒருவராவது இந்தப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்கு முன்பே 2016-ல் டெல்லியில் 20,000 தெருவோர வியாபாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் திட்டம் தொடங்கியிருந்தது. 2018-ல் ஆமதாபாத் காங்கரியா ஏரிக்கரைக் கடைகள் நாட்டின் முதல் "சுத்தமான தெரு உணவு மைய"மாக அறிவிக்கப்பட்டன.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். 25 பேருக்கு ஒருவர். அந்த ஒருவர் யார்? பெரும்பாலும் மேனேஜர், இல்லையென்றால் முதலாளியின் மகன். மிச்சம் 24 பேர் அவர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். பாத்திரம் கழுவுகிறவர், காய் நறுக்குகிறவர், மேசை துடைத்த அதே கையோடு தண்ணீர் டம்ளர் எடுக்கிறவர், இவர்கள் யாரிடமும் காகிதம் கிடையாது.

எங்கள் பக்கம் காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுவரும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். தாராவியில் வீட்டிலேயே அவித்து எடுத்துவருபவர். அவரிடம் ஒரு நாள் இதைப் பற்றிக் கேட்டேன்.

"அண்ணாச்சி, பயிற்சிக்குப் போனீங்களா?"

"ஒரு தடவ கூப்பிட்டாங்க சார். அரை நாளு. அரை நாளுன்னா எனக்கு ஒரு நாள் யாவாரம் போச்சு. இந்தில சொன்னாங்க. பாதி வெளங்குச்சு. ஆனா ஒண்ணு சார், சட்டினிய ஏன் மதியம் வரைக்கும் வச்சுக்கக் கூடாதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதுலேருந்து ரெண்டு தூக்குல கொஞ்சங் கொஞ்சமா அரைச்சுக் கொண்டாரேன்."

அரை நாள், பாதி புரிந்த மொழி. அதற்கே இவ்வளவு பலன்! அவருடைய தராசில் இன்னொரு பக்கத்தில் இருந்தது ஒரு நாள் வருமானம். 2011 விதிகளில் இவரைப் போன்ற சிறு வியாபாரிக்குப் பதிவுக் கட்டணம் வெறும் 100 ரூபாய்தான். பயிற்சியின் உண்மையான செலவு போன நாள்தான்.

இந்தச் செலவை யார் ஏற்பது என்பதை வேறு இடங்களிலும் பேசித் தீர்த்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பலருக்குப் பிள்ளைகளோ அண்ணன் தம்பியோ இருக்கும் கலிஃபோர்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2011 முதல் சாப்பாட்டைக் கையாளும் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு அட்டை வாங்க வேண்டும், வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள். மேனேஜர் மட்டும் இல்லை, ஏறக்குறைய எல்லோரும். அட்டை மூன்று வருஷம் செல்லும். ஆரம்பத்தில் அந்தச் செலவு தொழிலாளி தலையில்தான் விழுந்தது. 2024 ஜனவரி முதல் கட்டணமும், படிக்கிற நேரத்துக்கான சம்பளமும் முதலாளி பொறுப்பு என்று சட்டத்தை மாற்றினார்கள். அங்கேயும் இதற்கு 13 வருஷம் பிடித்தது.

நமக்கு வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன். சான்றிதழ் சமைக்கிறவர் பெயரில், அவர் பையில் இருக்க வேண்டும். கடை மாறினால், ஊர் மாறினால் கூடவே வர வேண்டும். வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்த நாம் எல்லோரும் ஒரு ஃபைலில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டுதானே வந்தோம்? அதைக் காட்டித்தான் சம்பளம் பேசினோம். நம்மோடு அதே ரயிலில் வந்த மாஸ்டரிடம் மட்டும் காட்ட ஒன்றுமில்லை. இருபது வருஷ அனுபவம் இருந்தும் ஒவ்வொரு புதுக் கடையிலும் அவர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

சட்டம் மாற நாளாகும். நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். பொங்கல் விழா, ஐயப்ப பூஜை, வளைகாப்பு என்று வருஷம் முழுக்க நாம் சமையல் ஆட்களைக் கூப்பிடுகிறோம். காண்ட்ராக்டரிடம் ஐட்டம் கணக்கும் இலைக் கணக்கும் பேசுகிறோம். "உங்க ஆளுங்க எத்தனை பேர் பயிற்சி எடுத்திருக்காங்க?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். தமிழ்ச் சங்கங்கள் மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் கொஞ்சத்தை எடுத்து, வழக்கமாக வரும் சமையல் குழுவுக்கு ஒரு நாள் பயிற்சி ஏற்பாடு செய்யலாம். கட்டணத்தோடு அன்றைய கூலியையும் கொடுத்து, சொல்லிக் கொடுப்பதைத் தமிழில் விளக்க ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து. எங்கள் குடியிருப்பில் அடுத்த பொங்கலுக்கு இதைச் செய்வதாகப் பேசியிருக்கிறோம். உங்கள் ஊரில் யாராவது ஏற்கெனவே செய்திருந்தால் எழுதுங்கள், எப்படிச் செய்தீர்கள் என்று தெரிந்துகொள்கிறோம்.