தறியும் பள்ளிக்கூடமும்: வீட்டுப் படிப்பின் 200 வருஷக் கதை

1/
"டாக்டர், பையன் ஒன்பதாவது. கவர்மென்ட் ஸ்கூல்தான். புத்தகத்தை எடுத்தாலே முகம் சுருங்கிப் போகுது. ஸ்கூலை நிறுத்திட்டு வீட்டுலயே வெச்சுப் படிக்க வைக்கலாமா? செலவு கம்மியா ஏதாவது வழி இருக்கா?"

ஆரணிப் பக்கம் வைத்தியம் பார்க்கிற யாருக்கும் இது பழக்கமான கேள்வி. காய்ச்சலுக்கு வந்தவங்க மருந்துச் சீட்டை மடிச்சு வெச்சுக்கிட்டு, எழுந்திருக்கும்போது கேட்பாங்க. நின்னுக்கிட்டே பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால இந்த நீண்ட இழை. முதலில் வரலாறு, அப்புறம் வழிகள்.

2/
ஹோம் ஸ்கூலிங் என்றால் அமெரிக்கச் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். அங்கே ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர் 1977-ல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1993 வாக்கில் எல்லா மாநிலங்களிலும் சட்டப்படி செல்லுபடியானது. ஜெர்மனியில் இன்றும் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆகணும்.

நம்ம மண்ணில் இந்தக் கதை அதைவிட ரொம்பப் பழசு.

3/
1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, எல்லா மாவட்ட கலெக்டர்களிடமும் ஒரு கணக்கு கேட்டார். உங்க மாவட்டத்தில் எத்தனை பள்ளி, எத்தனை பேர் படிக்கிறாங்க? அப்போ ஆரணி ஒரு ஜாகீர். சுற்றிலும் வட ஆர்க்காடு மாவட்டம்.

1826-ல் மன்றோ தொகுத்த கணக்கு: மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள். மாணவர்கள் 1,88,650. சுமார் 1,000 பேருக்கு ஒரு பள்ளி. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். வாத்தியாருக்கு மாசம் ஆறு ஏழு ரூபாய் கிடைத்தால் பெரிசு.

4/
அதே கணக்கில் இன்னொரு எண் இருக்கு. சென்னை நகரத்தில் மட்டும் 26,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டிலேயே, உறவினரிடமோ தனி வாத்தியாரிடமோ படித்ததாகப் பதிவு. பள்ளிக்குப் போனவர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு! மன்றோவே இந்த எண்ணைச் சந்தேகப்பட்டார். ஆனால் வீட்டில் கற்பது பரவலான வழக்கம் என்பதை ஏற்றுக்கொண்டார். அதையும் சேர்த்தால், ஆண் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் ஏதோ ஒரு வகையில் படிக்கிறார்கள் என்பது அவர் மதிப்பீடு.

5/
"பாத்தீங்களா, அந்தக் காலமே மேல்" என்று சொல்லிடாதீங்க. பள்ளி மாணவர்கள் 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான்.

வீட்டில் படிக்கணும்னா மூணு வேணும். சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்ச ஆள், அவருக்கு ஓய்வு, பிள்ளையின் கைக்கு வேலை இல்லாமை. இது மூணும் இருந்த வீட்டுப் பிள்ளை படிச்சது. தறி போட்ட வீட்டில் மூணாவது எப்பவும் இருந்ததில்லை.

6/
பட்டு நெசவு தெரியாதவங்களுக்கு ஒரு விளக்கம். ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கம் போனால் தறி இருப்பது தொழிற்சாலையில் இல்லை, வீட்டுக்குள்ளே. பாவு தோய்வது தெருவில். தார் சுற்றுவது திண்ணையில். குழித்தறி கூடத்தில். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்தால் ஒரு ஆள் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேணும்.

அந்த இன்னொரு கை பல தலைமுறையாக வீட்டுப் பிள்ளையின் கை. கூலிக்கு ஆள் வைத்தால் புடவைக் கூலியில் பங்கு போகும்.

ஆக இங்கே வீடுதான் பட்டறை. "பையன் வீட்டுல இருக்கான்" என்றால் தறிக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்று அர்த்தம்.

7/
இப்போ 1953-க்கு வருவோம். முதலமைச்சர் ராஜாஜி. அரசிடம் பணம் இல்லை, பள்ளிக்கு வெளியே லட்சக்கணக்கான பிள்ளைகள். 14 வயது வரை எல்லோருக்கும் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது.

ராஜாஜி ஒரு வழி கண்டார். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூணு மணி நேரம் மட்டும் வகுப்பு. பள்ளி இரண்டு ஷிப்ட் நடக்கும். அதே வாத்தியார், அதே கட்டடம், இரண்டு மடங்கு பிள்ளைகள். மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டில் அப்பாவின் தொழிலைக் கற்கும்.

8/
அதாவது, அரசே அறிவித்த அரை நாள் வீட்டுப் படிப்பு!

காகிதத்தில் நல்லாத்தான் இருந்தது. கைத்தொழிலும் கல்வி என்ற எண்ணம் காந்தியின் ஆதாரக் கல்வியிலும் உண்டு. ஆனால் காந்தி சொன்னது பள்ளிக்குள்ளே, ஆசிரியர் கண்காணிப்பில் கற்கும் தொழில். இதுவோ பிள்ளையை அவரவர் அப்பா தொழிலுக்கே திருப்பி அனுப்பியது.

எதிர்ப்பாளர்கள் இதற்கு வைத்த பெயர் ஒரே சொல்: குலக்கல்வி. அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.

9/
பெரியாரின் திராவிடர் கழகம் போராடியது. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இதுதான். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்குச் சட்டமன்றத்தில் 138-க்கு 138 என்று ஓட்டு சமமாக விழுந்தது. திட்டம் நிபுணர் குழுவுக்குப் போனது. பருலேகர் குழு திட்டத்துக்குச் சாதகமாகவே சொன்னது. ஆனால் மக்கள் மனசு மாறவில்லை.

1954-ல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் 13-ல் காமராஜர் முதல்வரானார். மே மாதம் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

10/
இந்தச் சண்டையைச் சாதி அரசியலாக மட்டும் படிக்கிறோம். அது உண்மைதான். நெசவு வீட்டிலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும்.

தார் சுற்றக் கத்துக்க ஒரு வாரம் போதும். கோர்வைக்கு உதவ சில மாசம். அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை தினமும் செய்வது கல்வி இல்லை, வேலை. காலி பண்ணிக் கொடுத்த மூணு மணி நேரம் பிள்ளைக்குச் சேராது, தறிக்குத்தான் சேரும். அந்த நேரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் திட்டம் கேட்கவே இல்லை.

11/
காமராஜர் அதற்கு நேர் எதிர்த் திசையில் போனார். 1956-ல் தொடங்கிய மதிய உணவு. பிள்ளை பள்ளிக்குப் போனால் வீட்டுக்குக் கூலி நட்டம், ஆனால் ஒரு வேளைச் சோறு மிச்சம் என்று கணக்கை மாற்றினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். தறியிலிருந்து பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பியதில் அறிவுரையைவிடச் சோற்றுக்குப் பங்கு அதிகம்.

அப்பவும் முழுசா முடியலை. 2003-ல் வந்த ஒரு சர்வதேச மனித உரிமை அறிக்கை இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றிப் பேசியது. நம்ம பக்கத்துக் காஞ்சிபுரமும் அதில் இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையின் கை அடமானம்.

12/
சட்டம் என்ன சொல்லுது? 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத் தொழிலுக்கு விலக்கு தந்தது. 2016 திருத்தப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளை, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் மட்டும் உதவலாம்.

இப்போ யோசிங்க. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் "பள்ளி நேரத்துக்குப் பிறகு" என்பது எப்போ?

13/
கடைசியாக இந்தப் பரீட்சை நடந்தது நம்ம கண் முன்னாடி. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. மாநிலம் முழுக்க வீட்டுப் படிப்பு. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. போன் இருந்த வீட்டில் ஆன்லைன் வகுப்பு. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறக்க 2021 நவம்பர் ஆனது.

விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் சாயங்காலம் சொல்லிக் கொடுத்தாங்க. அரசு அப்போ ஒன்றைப் புரிந்துகொண்டது. வீட்டுக்குப் பாடத்தை அனுப்பினால் போதாது, ஒரு ஆளை அனுப்பணும்.

14/
இனி டாக்டராக என் பங்கு.

1896. இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் ஒரு பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். வயது 14. புத்திசாலி, விளையாட்டில் சுறுசுறுப்பு, கணக்கு போடுவான். எழுத்து மட்டும் வாசிக்க வராது. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுக்க வாய்வழியாக இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

இன்று டிஸ்லெக்சியா என்கிறோமே, அதைப் பற்றிய தொடக்க கால மருத்துவப் பதிவு இது.

15/
அந்தப் பையனைப் பள்ளியை விட்டு நிறுத்தி அதே புத்தகத்தை வீட்டில் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே தடுமாற்றம்தான், இடம் மட்டும் வேறு.

அதனால பள்ளியை நிறுத்துவதற்கு முன்னாடி, படிப்பு ஏன் ஏறலைன்னு பாருங்க.

கரும்பலகை தெரியுதா? கண் பரிசோதனை. காதில் சீழ் வடிஞ்ச பிள்ளையா? காது பரிசோதனை. ரத்த சோகை, தைராய்டு இருக்கா? வகுப்பில் சில நொடி வெறிச்சுப் பார்த்துட்டுத் திரும்புறானா? அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். தூக்கம், போன், புகையிலை, மனச்சோர்வு. யாராவது அடிக்கிறாங்களா, கேலி பண்றாங்களா? இதையெல்லாம் பிள்ளையிடம் தனியாக் கேளுங்க. நீங்க கத்தாத நேரத்தில்.

16/
18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்க அரசுப் பள்ளிகளுக்கே மருத்துவக் குழு வருது. 2013 முதல் நடக்கும் தேசியத் திட்டம், இலவசம்.

கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சேர்ந்தாச்சு. அரசு மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். பல பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது இதுதான்.

17/
எல்லாம் பார்த்தாச்சு, அப்பவும் பள்ளி ஒத்துவரலை என்றால்? வழி இருக்கு. விலையும் குறைவு.

முதல் வழி, மாநில அரசின் தனித்தேர்வு. பதினாலரை வயது முடிந்தவர் பத்தாம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுதலாம். கட்டணம் நூற்றுக் கணக்கில்தான். பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கலாம். ஒரு எச்சரிக்கை: முதல் முறை எழுதுபவர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்னாடியே பதிவு செய்யணும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

18/
இரண்டாவது வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1979-ல் ஒரு சோதனைத் திட்டமாகத் தொடங்கி, 1989-ல் தனி நிறுவனமானது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்பில் சேரலாம். ஐந்து பாடம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம். ஒவ்வொன்றாகத் தேறிச் சேர்த்துக்கலாம், ஐந்து வருஷம் அவகாசம். தமிழ் வழியும் உண்டு. மொத்தச் செலவு சில ஆயிரங்களுக்குள்.

மாநில அரசு வேலைதான் குறி என்றால், இந்தச் சான்றிதழ் அதற்குச் செல்லுமா என்று சேருமுன் விசாரிச்சுக்கோங்க. சந்தேகம் இருந்தால் முதல் வழியே பாதுகாப்பு.

14 வயதுக்குக் கீழே என்றால் என் பதில் ஒண்ணுதான்: பள்ளியை விடாதீங்க. பிரிவை மாத்துங்க, பள்ளியையே மாத்துங்க, பேர் பதிவேட்டில் இருக்கட்டும்.

19/
கையில் இருப்பதை விடும்போது எதை விடுறோம் என்று தெரியணும்.

அரசுப் பள்ளியை விட்டால் சத்துணவும் பஸ் பாஸும் மட்டும் போகாது. 2020-ல் வந்த 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பொறியியலுக்கும் அப்படியே. கல்லூரியில் மாசம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி வழி வந்தவர்களுக்குத்தான். ஒன்பதாவதில் டிசி வாங்கினால் இத்தனையும் அந்தக் காகிதத்தோடு போகும்.

20/
அப்பவும் வீட்டுப் படிப்புதான் என்று முடிவு செய்தால், நான் கேட்கும் கேள்விகள் நாலு.

காலையில் மூணு மணி நேரம் அந்தப் பிள்ளையை யாரும் எதுக்கும் கூப்பிட மாட்டீங்களா?
சொல்லிக் கொடுக்கப் போவது யார்? பேர் சொல்லுங்க.
எந்தத் தேர்வு, எந்த மாசம்?
நண்பர்களோடு விளையாட எங்கே போவான்?

நாலுக்கும் பதில் இருந்தால் தைரியமாச் செய்யுங்க. முதல் கேள்விக்கே தயங்கினால், அது படிப்பை வீட்டுக்கு மாற்றுவது இல்லை. படிப்பை நிறுத்துவது.

21/
நெசவு கேவலமான தொழில் என்று நான் சொல்லவே இல்லை. விருப்பப்பட்டு, படிப்பை முடிச்சுட்டு, டிசைனும் வியாபாரமும் தெரிஞ்சு தறியில் உட்காருபவர் இந்த ஊருக்குப் பெருமை. வேறு வழி இல்லாமல் 14 வயதில் உட்காருவது அது இல்லை.

1826-லும், 1953-லும், 2020-லும் வீட்டுப் படிப்பு யாருக்குப் பலித்தது? தன் நேரம் தனக்கே கிடைத்த பிள்ளைக்கு. பள்ளிக்கூடத்துக்கு நூறு குறை உண்டு. ஆனால் நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு "இந்த நேரம் உன்னோடது" என்று இதுவரை உறுதியாச் சொன்னது அந்த மணிச் சத்தம்தான். அதை விட்டு வெளியே வந்தால், அதே உறுதியை அப்பா அம்மா தரணும்.

22/
கல்வி தொடர்பான சந்தேகத்துக்கு 14417. பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுவதாகத் தெரிந்தால் 1098. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

உங்க தெருவில் இதே யோசனையில் இருக்கிற அப்பா அம்மா இருந்தால், டிசி வாங்கப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுக் காட்டுங்க.