மகமை கட்டிய மதில்

இடைக்கால அயர்லாந்தில் நகர மதில் கட்டுவதற்கென, சந்தைக்கு வரும் சரக்கின்மீது வரி வசூலிக்க மன்னர் அனுமதி அளித்தார். அதுவும் குறித்த ஆண்டுகளுக்கு மட்டும். நம் திருநெல்வேலிச் சீமையினர் மன்னர் ஆணையின்றியே அத்தகைய வரியைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர்.

19ஆம் நூற்றாண்டில், தாமிரபரணிக்குத் தெற்கே தேரி நிலத்துக் கருப்பட்டியையும் கருவாட்டையும் மாடுகளில் ஏற்றி வடக்கே சென்ற நாடார் வணிகர்கள், வழிப்பறிக்கு அஞ்சிப் பேட்டைகள் அமைத்தனர். சரக்கும் மாடும் வண்டியும் இரவில் தங்குவதற்கான, மதில் சூழ்ந்த வளாகங்கள் அவை. வாங்கி விற்கும் சரக்கின் அளவுக்கேற்ப ஒவ்வொருவரும் செலுத்திய மகமையே அவற்றுக்கு நிதி. உறவின்முறையில் முறைகாரர்கள் மாறி மாறிப் பொறுப்பேற்று வசூலித்தனர். கூட்டத்தில் கணக்கு ஒப்புவித்தனர். விருதுநகரிலும் சிவகாசியிலும் அந்த நிதி பின்னர் கிணறாகவும் பள்ளியாகவும் வளர்ந்தது.

பொது நிதியியல் கற்பித்த நாள்களில் மாணவர்களுக்கு நான் இதையே சான்று காட்டுவேன்: கொடுத்த காசு சுவராகக் கண்முன் நின்றது, கணக்கும் தெரிந்தது. ஆகவே வரி கசக்கவில்லை.

இன்று ஒரு நோக்கத்தின் பெயரால் ஒன்றிய அரசு விதிக்கும் செஸ், இந்தியத் தொகுப்பு நிதியில் போய்ச் சேர்கிறது. மாநிலங்களுக்கு அதில் வரிப் பகிர்வும் இல்லை. மகமை ஒரு சமூகத்தின் வேலிக்குள் நின்றது. அரசின் வரியோ எல்லோரிடமிருந்தும் பெறப்படுவது. அப்படியானால், முடிவுத் தேதி சொல்லவும் கணக்குக் காட்டவும் அரசுக்கு உள்ள கடமை இன்னும் பெரிதல்லவா?