மலையகத்தின் உயிரினப் பதிவுகள்: யார் திரட்டினர், யாருக்குப் போயின?

இலங்கையின் உயிரினங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டிப் பொதுவில் வைப்பதும், அதில் சாதாரண மக்கள் பங்கெடுப்பதும் இணையம் வந்தபின் தோன்றிய வழக்கங்கள் என்ற எண்ணம் பரவலாக உண்டு. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மலைகளின் வரலாறு இதை ஏற்கவில்லை. இம்மலைகளைப் பற்றிய பதிவுகளில் கணிசமான பகுதியை நிபுணர் அல்லாதவர்களே 19ஆம் நூற்றாண்டு முதல் திரட்டியிருக்கிறார்கள். அவர்களில் பலர் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். ஆனால் எழுதி அனுப்பும் வாய்ப்பு துரைமாருக்குக் கிடைத்த அளவுக்கு லயத்தில் இருந்த தொழிலாளருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இன்று குடிமக்கள் அறிவியல் என்று பேசப்படுவதை மலையகத்துக்குப் புதிதாகக் கொண்டுவர வேண்டியதில்லை. பாதியில் நிற்கும் ஒரு பழைய முயற்சியை முழுமையாக்கினால் போதும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் பகிர்வு ஒருவழிப் பாதையாகவே இருந்தது. ஒல்லாந்தக் கம்பெனியின் மருத்துவராக வந்த பால் ஹெர்மன் 1670களில் இலங்கையில் சேகரித்த உலர்தாவரங்களை ஆதாரமாகக் கொண்டு லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை வெளியிட்டார். அத்தொகுப்பு இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேராதனைப் பூங்காவை நடத்திய அலெக்சாண்டர் மூன் 1824இல் தாவரப் பட்டியல் ஒன்றை அச்சிட்டபோது, தீவுக்குள்ளேயே பதிவு வைக்கும் மரபு உருவாகத் தொடங்கியது. அதைப் பெரிதாக்கியவர் 1849இல் பேராதனைப் பொறுப்பை ஏற்ற த்வெயிட்ஸ். ஒவ்வொரு தாவரத்துக்கும் ‘சி.பி.’ எண் கொடுத்து, ஒரு படியைப் பேராதனையில் வைத்துக்கொண்டு, மற்றப் படிகளை இங்கிலாந்தின் கியூ உள்ளிட்ட ஐரோப்பிய உலர்தாவரகங்களுக்கு அவர் அனுப்பினார். 1861இல் சிங்கோனாவுக்காக ஹக்கலையில் பூங்கா அமைந்தபின் நுவரெலியாவின் உயர்நிலக் காடுகளுக்குப் பக்கத்திலேயே ஒரு நிலையம் கிடைத்தது. 1893இல் வெளிவரத் தொடங்கிய, தாவரவியலாளர் ட்ரைமனின் தாவரக் கைந்நூலை அவர் மறைவுக்குப்பின் ஜோசப் ஹூக்கர் 1900இல் நிறைவுசெய்தார். சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் அந்நூல் தருகிறது.

விலங்குகளிலும் பூச்சிகளிலும் வேலை வேறு கைகளில் இருந்தது. நுவரெலியாவில் தவளைகளையும் பாலூட்டிகளையும் ஆராய்ந்த கெலார்ட் ஓர் இராணுவ மருத்துவர். கோப்பியின் எதிரிகளான பூச்சிகளைப் பற்றி 1861இல் எழுதிய நீட்னர், இறம்பொடையில் கோப்பி பயிரிட்ட ஜெர்மானியர். செதிற்பூச்சிகள் குறித்து 1896 முதல் 1922 வரை ஐந்து பாக நூலை வெளியிட்ட ஏர்னஸ்ட் கிறீன், அரசாங்கப் பூச்சியியலாளர் ஆவதற்கு முன் பூண்டுலோயாவில் தோட்டத் துரை. அவர் பிடித்த பூச்சிகளின் வழியே பூண்டுலோயா என்ற ஊர்ப்பெயர் உலக அருங்காட்சியகங்களின் சீட்டுகளில் ஏறியது. 1935இல் இலங்கைப் பாலூட்டிகள் கைந்நூலை எழுதிய பிலிப்ஸும் தோட்டத் துரையே. இவர்களுள் எவரும் பல்கலைக்கழகத் துறையிலிருந்து எழுதத் தொடங்கியவர் அல்லர். இடத்தில் வாழ்ந்தமை, ஆண்டு முழுவதும் பார்த்தமை, பார்த்ததை ஒரு நிறுவனத்துக்கு அனுப்ப முடிந்தமை ஆகிய மூன்றுமே இவர்களைப் பதிவாளர் ஆக்கின. முதல் இரண்டு தகுதிகளும் கொழுந்து பறித்தவர்களுக்கும் இருந்தன. மூன்றாவது மட்டுமே இல்லை.

இப்பதிவுகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குத் தோட்டத் தொழிலே பதில் சொல்லும். கோப்பி இலைகளில் கண்ட துருநோய்க்கு 1869இல் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட முடிந்தது, த்வெயிட்ஸ் இங்கிலாந்துக்கு மாதிரிகளை அனுப்பியதால்தான். நோயை நிறுத்த முடியவில்லை. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அந்தத் தேயிலையின் தண்டைத் துளைக்கும் சிறு வண்டின் கதை இன்னும் தெளிவானது. 1868இல் ஐக்ஹோஃப் என்ற பூச்சியியலாளர் இலங்கை மாதிரியை வைத்து அதை விவரித்தார். நூறாண்டுக்கு மேல் ஓரினமாகக் கருதப்பட்டது உண்மையில் பல இனங்களின் கூட்டம் என்பதை மரபணு ஆய்வுகள் பின்னர் காட்டின. அவற்றுள் ஒன்று கலிபோர்னியாவிலும் தென்னாபிரிக்காவிலும் மரங்களைக் கொன்றுவருகிறது. ஐக்ஹோஃப் இட்ட பழைய பெயர் இவற்றுள் எந்த இனத்துக்குரியது? 2018இல் ஓர் ஆய்வு அது தேயிலை வண்டுக்கே என்றது. 2019இல் மற்றோர் ஆய்வு அதே பழைய மாதிரியை மீண்டும் ஆராய்ந்து, பெயர் மரங்களைக் கொல்லும் அந்த மற்ற இனத்துக்குரியது என்றும், தேயிலை வண்டு யூவல்லேசியா பெர்பிரெவிஸ் என்றும் திருத்தியது. மாதிரி காக்கப்பட்டு, ஆய்வாளருக்குத் திறந்தும் இருந்ததால்தான் பிழை ஓராண்டில் வெளியே வந்தது. இதற்கு மாறான நிலையும் உண்டு. கெலார்ட் 1853இல் நுவரெலியாவிலிருந்து விவரித்த புள்ளித் தவளையின் மூல மாதிரி தொலைந்துபோனது. அந்த இனமே அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது உயிருடன் அகப்பட்டு, 2013இல் அச்செய்தி அறிவியல் உலகுக்கு எட்டியது.

சாதாரண மக்களின் பதிவை நம்பலாமா என்பது வழக்கமான மறுப்பு. நிபுணர் பதிவும் குறையில்லாதது அன்று. த்வெயிட்ஸின் ‘சி.பி.’ எண் ஒரு சேகரிப்பைக் குறிக்கவில்லை, ஓரினத்தைக் குறித்தது. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் எடுத்த செடிகள் ஒரே எண்ணின்கீழ்க் கலந்துள்ளன. இடமும் நாளும் ஒளிப்படமும் சேர்ந்த இன்றைய கைபேசிப் பதிவு அந்த ஒரு வகையில் அதைவிட மேலானது. தரவின் தரத்தைப் பதிவாளரின் பட்டம் தீர்மானிப்பதில்லை. மற்றவர் சரிபார்க்க முடிகிறதா என்பதே தீர்மானிக்கிறது. இடத்தை வெளியிட்டால் திருடர்கள் வருவார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. இது உண்மையான அச்சம். ஆனால் இ-பேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தை மறைத்தே காட்டுகின்றன. பதிவு செய்வதும் முகவரி கொடுப்பதும் ஒன்றல்ல. நம் செல்வம் வெளிநாடு போகிறது என்பது மூன்றாவது. அது ஹெர்மன் காலத்திலேயே போய்விட்டது. கதவை மூடுவதால் அது திரும்பி வராது. பேராதனையிலும் 1877இல் திறந்த கொழும்பு அருங்காட்சியகத்திலும் நாட்டின் சொந்தப் படியை முழுமையாக வைத்து, நாட்டின் மொழிகளில் மக்களுக்குத் திறப்பதே இறைமையைக் காக்கும் வழி.

இங்கேதான் விடுபட்டவர்களின் கேள்வி எழுகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. எஞ்சியிருந்தவர்களுக்கு அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. நிலத்தில் உரிமை இல்லாதவர்களின் அறிவு பதிவேட்டில் ஏறாமல் போனதில் வியப்பில்லை. அதன் விலையை உயிர்களும் கொடுக்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சில நாளில் இறந்தது. சிறுத்தை எந்த மலையில் நடமாடுகிறது, சுருக்கு எங்கே வைக்கப்படுகிறது என்பதை முதலில் அறியக்கூடியவர்கள் அன்றாடம் அங்கே நடப்பவர்கள். அவர்கள் பயமின்றித் தெரிவிக்க ஒரு வழி வேண்டும்.

எனவே செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தேசிய உலர்தாவரகமும் அருங்காட்சியகமும் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் பதிவுப் படிவங்களைத் தமிழிலும் தரட்டும். தோட்டப் பாடசாலைகளை நிரந்தரப் பதிவு நிலையங்களாக ஏற்கட்டும். பதிவாளர் விரும்பினால் அவர் பெயரைப் பதிவோடு அச்சிடட்டும். திரண்ட முடிவுகளை அதே தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பட்டும். கிறீனுக்கும் பிலிப்ஸுக்கும் கிடைத்த வாய்ப்பு கொழுந்து பறிப்பவரின் மகளுக்கும் கிடைக்கும்வரை, மலையகத்தின் உயிரினத் தரவைத் தேசியத் தரவு என்று அழைப்பது முழு உண்மையாகாது.