விலானுவ் சுவரொட்டி நூதனசாலை

அழிதற்கென்றே ஒட்டப்படுவது சுவரொட்டி. வெயிலும் மழையும் விட்டுவைப்பினும் மறுநாள் ஒட்டப்படும் பிறிதொன்று அதனை மறைத்துவிடும். இத்தகைய பொருளுக்கென உலகில் முதன்முதல் நூதனசாலை கண்ட நாடு போலந்து ஆகும். வார்சோ தேசிய நூதனசாலையின் கிளையாக, விலானுவ் அரண்மனையைச் சார்ந்த பழைய குதிரையேற்றக் கூடத்தில் 1968 இல் அது திறக்கப்பெற்றது.

இரண்டாம் உலகப் போரில் வார்சோ பெரும்பாலும் தரைமட்டமாயிற்று. போருக்குப் பின் திரைப்பட விநியோகம் அரசின் கைக்கு வரவே, சுவரொட்டிகளையும் அரசே வரைவித்தது. அரசு முதலாளியாயின் கலை கெடும் என்பர். ஈண்டு நிகழ்ந்ததோ வேறு. சரக்கை விற்றாகவேண்டிய நெருக்கடி குறைவாதலின், நடிகர் முகத்தைப் பெரிதாகத் தீட்டுக என ஓவியரை வற்புறுத்துவார் அரியர். ஹென்றிக் தோமசெவ்ஸ்கி, யான் லெனித்சா முதலியோர் படத்தின் உட்பொருளைச் சில கோடுகளாலேயே உணர்த்தினர். 1948 இல் வியன்னாக் கண்காட்சியில் தோமசெவ்ஸ்கி ஐந்து முதற்பரிசுகளைப் பெற்றார். தணிக்கை இல்லாமலில்லை, குறிப்பாற் கூறும் வழக்கம் தழைத்தமைக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

அவ்வழக்கத்தின் கூர்மை 1989 யூன் 4 ஆந் திகதித் தேர்தலில் வெளிப்பட்டது. சொலிடாரிட்டி இயக்கத்துக்காகத் தொமாஸ் சர்னெத்ஸ்கி ஆக்கிய சுவரொட்டியில், அமெரிக்க நடிகர் கரி கூப்பர் கையிலே துப்பாக்கிக்குப் பதிலாக வாக்குச்சீட்டு இருந்தது. அரசு வளர்த்த கலை அவ்வரசையே எதிர்த்து நின்றது.

விலானுவிற் காக்கப்படுவன 50,000 இற்கு மேற்பட்டவை. வெளிச்சம் தாளைக் கெடுக்குமாதலின், அவற்றிற் சிலவற்றையே மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைக்கின்றனர்.