மல்லாட்டை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

1991 மழைக்காலத்தில், விழுப்புரத்தில் இருந்த என் பட்டறைக்கு ஓர் ஆறு சக்கர லாரியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். காலையில் கிளம்புவதில்லை, கிளம்பினாலும் கரும்புகை, மேட்டில் இழுவை இல்லை என்றார் டிரைவர். நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் வைத்து அடித்துப் பார்த்தேன். பனிபோலத் தூவ வேண்டியது கோடு கோடாக ஒழுகியது. முனையில் கரி அப்பியிருந்தது. பிஸ்டனை வெளியே எடுத்தால் ரிங்குகள் காடியோடு ஒட்டிக் கிடந்தன. எஞ்சின் ஆயில் கூழாகி இருந்தது.

“டேங்கில என்னண்ணே ஊத்துனீங்க?” என்று கேட்டேன். லாரி முதலாளிக்கு ஒரு பலகாரக் கடையும் இருந்தது. முறுக்கும் காராச்சேவும் சுட்டு மிஞ்சிய எண்ணெயைத் துணியில் வடிகட்டி, டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து இரண்டு மாதமாக ஓட்டியிருக்கிறார். “ரெண்டு மாசமும் நல்லாத்தானேப்பா ஓடுச்சு” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. டீசல் எஞ்சின் செடி எண்ணெயில் ஓடும். ஆனால் பச்சையாக ஊற்றினால் நாளடைவில் கெடும். இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையில்தான் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு கிடக்கிறது. பட்டறையை மூடிய பிறகு அதைத் தேடித் தேடிப் படித்தேன்.

ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினைக் கடலை எண்ணெய்க்காகவே செய்தார் என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. 1893 ஆகஸ்ட் 10 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரில் அவருடைய மாதிரி எஞ்சின் முதன்முதலாக வெடித்தெரிந்தது. அதில் கடலை எண்ணெய்க்கு வேலை இல்லை. கடலை எண்ணெய் வந்தது 1900இல், பாரிஸ் உலகக் கண்காட்சியில். பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் எஞ்சினை அந்த எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. பெட்ரோலிய எண்ணெய்க்காகச் செய்த எஞ்சின் அது. எந்த மாற்றமும் செய்யாமலே சீராக ஓடியதால் பார்த்தவர்களில் வெகு சிலருக்கே விஷயம் தெரிந்தது என்று 1912இல் டீசலே எழுதியிருக்கிறார்.

பிரான்சுக்கு அதில் ஏன் அக்கறை? அதன் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் கடலை நிறைய விளைந்தது. அங்கேயே விளைவதைக் கொண்டு அங்கேயே எஞ்சின் ஓட்டலாம் என்பது கணக்கு. இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. எங்கள் பக்கம் கடலையை மல்லாட்டை என்போம். அப்பா மானாவாரியில் அதைத்தான் போட்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய்க்குக் கப்பலேறியது. அங்கே அதை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள், சோப்புக் காய்ச்சினார்கள். எந்தச் செடியின் எண்ணெய் பாரிஸில் எஞ்சினை ஓட்டியதோ, அந்தச் செடியை எங்கள் கொல்லையில் களையெடுத்தே நான் வளர்ந்தேன்.

பச்சையாக ஊற்றினால் எஞ்சின் ஏன் கெடுகிறது? எண்ணெய் கெட்டியாக இருப்பதுதான் சிக்கல். செடி எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. நாசிலின் ஊசித்துளை வழியாக அது தூளாகச் சிதறாது. பெரிய துளியாக விழும், முழுதாக எரியாது, கரியாகும். எரியாத மிச்சம் ரிங் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலைக் கெடுக்கும். என் பட்டறையில் பார்த்ததும் இதுதான்.

இதற்கு மருந்து கண்டவர் பெல்ஜியத்தின் ஜார்ஜ் ஷவான். 1937 ஆகஸ்ட் 31 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பாமாயிலை ஆல்கஹாலோடு வினைபுரிய வைத்து, அதிலிருந்து கிளிசரினைப் பிரித்துவிட்டால் எண்ணெய் நீர்த்துப்போகும். 1938இல் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவெனுக்கும் இடையே ஒரு பயணிகள் பேருந்தை அதில் ஓட்டினார்கள். இன்று பயோடீசல் என்பது அதே முறைதான். நூறு கிலோ எண்ணெய்க்குச் சுமார் பத்து கிலோ மெத்தனால், ஊக்கியாகக் கொஞ்சம் காஸ்டிக் சோடா. நூறு கிலோ பயோடீசல் மேலே நிற்கும், பத்து கிலோ கிளிசரின் அடியில் தங்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்ரோலியம் மலிந்தது, இந்த முறை மறந்துபோனது. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. தென்னாப்பிரிக்காவில் சூரியகாந்தி எண்ணெயை டிராக்டரில் ஊற்றி, நாசில் கரிபிடித்து, மறுபடியும் ஷவான் வழிக்கே வந்தார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1994 முதல் வீடுகளிலும் உணவகங்களிலும் பொரித்து மிஞ்சிய எண்ணெயைச் சேகரித்து, பயோடீசலாக்கி நகரப் பேருந்துகளில் ஊற்றத் தொடங்கியது.

நம் நாட்டில் முதலில் வேறு வழி பிடித்தோம். 2003இல் திட்டக் குழுவின் அறிக்கை பயோடீசலுக்காகக் காட்டாமணக்கை முன்னிறுத்தியது. திருவண்ணாமலை, கோயம்புத்தூர் மாவட்டங்களில் விவசாயிகள் நம்பி நட்டார்கள். தரிசில் தானாக விளையும் என்றார்கள். தண்ணீர் இல்லாமல் அது காய்க்கவில்லை, பலர் பிடுங்கி எறிந்தார்கள். கடலை விளையும் நிலத்தில் காட்டாமணக்கு வைத்தவர்களின் வருத்தத்தை நான் நேரில் கேட்டிருக்கிறேன். லாரிக்காக நிலத்தைக் கேட்கக் கூடாது என்பது அதில் நான் கற்ற பாடம்.

வாணலியில் வெந்து முடிந்த எண்ணெய்க்கு நிலமும் வேண்டாம், நீரும் வேண்டாம். 2018 ஜூலை 1 முதல், திரும்பத் திரும்பக் காய்ச்சியதால் சேரும் சிதைவுப் பொருள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது விதி. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, அத்தகைய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. நாளைக்கு ஐம்பது லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கணக்கு வைக்க வேண்டும். விதி நல்ல விதி. ஆனால் பெரிய கடையில் கருத்த எண்ணெய் சின்னக் கடைக்கு மலிவாகப் போய், அங்கே குழந்தைகள் தின்னும் போண்டாவில் இறங்குவதை நம் ஊர்களில் எல்லோரும் அறிவோம்.

கடைக்காரர்களே, கருத்த எண்ணெயை இன்னொரு வாணலிக்கு விற்காதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். லாரிக்காரர்களே, அதை அப்படியே டேங்கில் ஊற்றாதீர்கள். முறையாகப் பிரித்த பயோடீசலாக வரட்டும். அன்று அந்த லாரிக்கு ரிங், நாசில் எல்லாம் மாற்றி எஞ்சினைக் கூட்ட எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.