ஐந்து கோல் இரவு
சிவப்பும் மஞ்சளும்: வட சிலாங்கூர் தோட்டங்களின் காற்பந்துக் கதை – 14

பி. சத்தியநாதன் தேசிய அணியின் பயிற்றுநர் பதவியை இழந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் சொந்த மண்ணில் 0-5. அந்த அடிக்குப் பிறகு அவர் நாற்காலி தாங்கவில்லை. இந்த வாரமும் ஓர் ஐந்து கோல் வருகிறது. இரண்டுக்கும் இடையில் இரண்டு ஆண்டுகூட இல்லை.

முதலில் 2010-ஐக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடுவோம். மலேசியக் காற்பந்தில் நம்மவர்களுக்கு அப்படியொரு ஆண்டு அதற்கு முன் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை. சிலாங்கூரின் பயிற்றுநர் கே. தேவன், 2009-லும் 2010-லும் அடுத்தடுத்து சூப்பர் லீக் கிண்ணம். வேலை போன சத்தியநாதன் சும்மா உட்காரவில்லை. கிளந்தானுக்குப் போனார். 2010 அக்டோபர் 30-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் நெகிரி செம்பிலானை 2-1 என்று வீழ்த்தி, கிளந்தான் அதுவரை ஒரு முறைகூடத் தொட்டிராத மலேசியக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். தேசிய அணியில் அவர் விட்டுப்போன இடத்தில் கே. ராஜகோபால். மூன்று பெரிய பொறுப்பு, மூன்றிலும் நம் ஆட்கள்.

ராஜகோபால் வெறுங்கையோடு அந்த இடத்துக்கு வந்தவர் இல்லை. செத்தாபாக்கில் பிறந்தவர், சிலாங்கூர் சட்டை போட்டு விளையாடியவர். 2009 ஜூலையில் மான்செஸ்டர் யுனைடெட் புக்கிட் ஜாலிலுக்கு வந்தபோது அவருடைய அணி 2-3 என்றுதான் தோற்றது. சிலாங்கூர் பையன் அம்ரி யாஹ்யா இரண்டு கோல் போட்டார். அதில் ஒன்று முன்னேறி நின்ற பென் ஃபாஸ்டரின் தலைக்கு மேலே தூக்கிப் போட்ட பந்து. அதே ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி வியந்தியானில் சீ விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டம். பிரிவு ஆட்டத்தில் நம்மை 3-1 என்று அடித்த அதே வியட்நாமை 1-0 என்று வென்று, 20 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம். அந்த ஒரு கோலும் வியட்நாம் வீரர் தம் வலைக்குள்ளேயே தட்டிவிட்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தோட்டத்தில் அதைச் சொல்லிக் காட்டியவர்களும் உண்டு.

சரி, தோட்டத்துக்கு வருவோம்.

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூர் போகிற சாலை. அங்கிருந்து உள்ளே திரும்பினால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா. 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த ஊர்தான் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான் வரும். இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். பின்னாளில் அவர் நாவல் எழுதிப் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார் என்பது வேறு கதை. பால்மரக் காலத்திலிருந்து லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் திடலும் ஒரே கூப்பிடு தூரத்தில் இருந்த உலகம் அது. தோட்டத்துக்குத் தோட்டம் அணி, பகை, பந்தயம் எல்லாம் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம்.

2010-இல் அந்த உலகத்தில் பாதி காலி. தோட்டங்கள் கைமாறி, மரம் வெட்டப் பக்கத்து நாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் கிள்ளானுக்கும் சுங்கை பூலோவுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். புக்கிட் தாகார், மேரி, நைகல் கார்ட்னர், மின்யாக், சுங்கை திங்கி தோட்டத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டுக்காக மனு மேல் மனு எழுதிக்கொண்டிருந்தன. பல இடங்களில் கோல் கம்பத்தைக் கொடி சுற்றிக்கொண்டது. திடலில் விளையாட ஆள் குறையக் குறைய, ஒட்டுக்கடையில் ஆட்டம் பற்றிய பேச்சு கூடியது. காலால் ஆடியவர்கள் வாயால் ஆடத் தொடங்கினார்கள் என்று கேலி செய்யலாம். ஆனால் அவர்களுக்கு ஆட்டம் தெரியும். கோணல்மாணல் திடலில் வெறுங்காலோடு இடது பின்களம் காத்தவனுக்கு, ஜகார்த்தாவில் இடது பின்களம் ஏன் திறந்து கிடந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. அன்றைய மந்திரி பெசார் காலிட் இப்ராஹிம் ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர். 2007 ஏப்ரல் இடைத்தேர்தலில் அவரைத் தோற்கடித்த அதே ஈஜோக், 2008 மார்ச்சில் வெற்றி பெற வைத்தது. சிலாங்கூர் காற்பந்துச் சங்கத் தலைவர் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. ஆகவே ஈஜோக் வாக்காளர் ஒருவர், ‘நாங்க ஓட்டுப் போட்டவர்தான் கிளப்புத் தலைவர்’ என்று மேசையைத் தட்டிப் பேச வழி இருந்தது. தட்டினார்கள்.

2010 டிசம்பர் 1. ஆசியான் சுசுகி கிண்ணம். ஜகார்த்தா கெலோரா பூங் கார்னோ அரங்கு சிவப்பில் கொதிக்கிறது. எதிரே இந்தோனேசியா, பயிற்றுநர் ஆஸ்திரியாவின் ஆல்ஃபிரட் ரீடல்.

முதல் கோல் நம்முடையது. நோர்ஷாருல் இட்லான் போட்டார். கடையில் நாற்காலி சரிந்திருக்கும், தேத்தண்ணி கொட்டியிருக்கும். அந்தச் சந்தோஷம் சில நிமிடம்தான். சமன் கோல் நம் ஆட்டக்காரர் காலில் பட்டே நம் வலைக்குள் போனது. அடுத்து உருகுவேயில் பிறந்து இந்தோனேசியக் குடியுரிமை பெற்ற கிறிஸ்தியான் கொன்சாலெஸ். இடைவேளைக்குப் பிறகு ரிட்வான், அரிப் சுயோனோ, கடைசியில் ஆலந்தில் பிறந்து வளர்ந்த இர்ஃபான் பாச்டிம். 1-5.

மறுநாள் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று வட சிலாங்கூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஊராகக் கேட்டால் இன்றும் மூன்று கட்சி தெரியும்.

முதல் கட்சி சத்தியநாதன் கட்சி. ‘அஞ்சு கோல் வாங்குனதுக்கு அந்த மனுசன அனுப்புனாங்க. இவரும் அஞ்சு வாங்கிட்டாரு. ஆளுக்கொரு சட்டமாண்ணே?’ ஒரு மாதத்துக்கு முன்புதான் கிளந்தானுக்குக் கிண்ணம் வாங்கித் தந்தவர் அவர். கணக்கு நேராகத்தான் இருந்தது.

இரண்டாம் கட்சி தேவன் கட்சி, சுத்த சிலாங்கூர்க்காரர்கள். அவர்கள் வாதம் ஆட்ட முறையைப் பற்றியது. தேசிய அணியின் தலைவர் சாபிக் ரஹிம் சிலாங்கூர் ஆட்டக்காரர். முன்களத்தில் சாபி சாலி சிலாங்கூர், காஜாங்கில் பிறந்தவர். இவர்களை வாரா வாரம் வைத்து லீக் வென்றவரிடம் அணியைக் கொடுப்பதுதானே முறை? ‘சாபிக்குப் பந்து எங்க வேணும்னு தேவனுக்குத் தெரியும் தம்பி. இவங்க தலைக்கு மேலயே அடிச்சுக்கிட்டிருக்காங்க.’

மூன்றாவது கட்சி சிறியது, பொறுமையானது. ராஜகோபாலை விட்டுவிடு என்றது. அந்த அணியில் பெரும்பகுதி வியந்தியானில் தங்கம் வாங்கிய இளவட்டம். குணாலன், குருசாமி என்று நம் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஒரே தோல்விக்காக இரண்டு ஆண்டு உழைப்பைக் கலைப்பதா என்று கேட்டார்கள். சத்தம் குறைவு என்பதால் கடையில் இவர்கள் பேச்சு எடுபடவில்லை.

மூன்று கட்சிக்கும் பொதுவான ஒரு குற்றச்சாட்டு இருந்தது. இந்தோனேசியாவின் இரண்டு ஓரமும் நம்மைக் கிழித்துவிட்டன. இடப்பக்கம் ஒக்தோ மானியானி என்ற துடிப்பான பையன், வலப்பக்கம் ரிட்வான். நம் ஓரக் காவலர்கள் தாக்குதலுக்கு ஏறிப் போனார்கள். திரும்பி வரும்போது பந்து ஏற்கெனவே நடுவில் கொன்சாலெஸ் காலில். ஏறுகிறவன் ஏறட்டும், அவன் விட்ட இடத்தை நடுக்களத்துக்காரன் யாராவது ஒருவன் மூட வேண்டும். தோட்டத் திடலில் இதைக் கங்காணி மகன்கூடச் சொல்லித் தருவான். இந்த விமர்சனம் சரி என்றே நானும் நினைக்கிறேன்.

வெளிநாட்டு ஆட்டக்காரர் விவகாரமும் அந்த மேசைக்கு வந்தது. 2009 முதல் நம் லீக்கில் வெளிநாட்டார் ஆடத் தடை. இந்தோனேசியாவோ வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குத் தேசியச் சட்டையே கொடுத்து அடிக்கிறது. தடையால் நம் பையன்கள் சோம்பிப்போனார்கள் என்று ஒரு சாரார். தடை இல்லையென்றால் சாபிக்கு இடமே கிடைத்திருக்காது என்று மறுசாரார். 2005-ஐ நினைத்துப் பாருங்கள் என்பார்கள் இவர்கள். அந்த ஆண்டு டோலா சாலேயின் சிலாங்கூர் மூன்று கிண்ணம் வாங்கியபோது முன்களம் இந்தோனேசியர்கள் கையில்தான்: பம்பாங் பமுங்காஸ், எலி அய்போய். மலேசியக் கிண்ண இறுதியில் பெர்லிசுக்கு எதிராகப் பம்பாங் ஒருவரே மூன்று கோல். ஷா ஆலாமில் நாம் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடிய அதே பம்பாங், 2010-இல் எதிரணி வரிசையில் இருந்தார்.

இதில் இனப்பாசம் எவ்வளவு என்று கேட்கிறவர்கள் உண்டு. 2007 நவம்பரில் நம்மவர்கள் உரிமை கேட்டுத் திரண்ட ஊர்வலத்தின் சூடு ஆறாத காலம். ‘நம்ம ஆளு’ என்ற சொல்லுக்கு எடை கூடியிருந்த காலம். ஆனாலும் ராஜகோபால் நம்மவர் என்பதற்காக யாரும் ஒரு கோலைக்கூடத் தள்ளுபடி செய்யவில்லை. பார்க்கப்போனால் நம்மவர் என்பதாலேயே இரண்டு திட்டு கூடுதலாக விழுந்தது. தோற்றால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்ற பயம் அந்தத் திட்டுக்குள் இருந்தது. வெள்ளைக்காரப் பயிற்றுநர் தோற்றால் அவர் ஊருக்குப் போய்விடுவார். இவர் தோற்றால் நாம் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.

இத்தனை சத்தத்துக்கு நடுவில், கடற்கரைப் பக்கத்துப் பெரியவர்கள் மட்டும் வேறொரு கேள்வி கேட்டார்கள். பயிற்றுநரை விடு, கோல் காவலன் எங்கே?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது: ஆர். ஆறுமுகம். போர்ட் கிள்ளான்காரர், சிலாங்கூர் காவலர். நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கூப்பிட்டது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது வலைக்கு முன் நின்றவர் அவர். நாடு புறக்கணித்ததால் மாஸ்கோ போகாமல் போனது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். அதன் பிறகு இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு எந்தக் கோல் காவலரும் முழுசாக ஒப்பவில்லை. 22 ஆண்டுகளாக ஒவ்வொருவரையும் ஆறுமுகத்தின் கையோடு அளந்து, குட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 1 இரவு பிரிவின் நிலவரம் இது: இந்தோனேசியா 3 புள்ளி. தாய்லாந்தும் லாவோசும் 2-2 என்று சமன் செய்ததால் ஆளுக்கு 1. மலேசியா 0, கோல் கணக்கில் நான்கு பின்னே. முதல் இரண்டு அணிக்கு மட்டுமே அரையிறுதி. அடுத்த ஆட்டம் டிசம்பர் 4, அதே ஜகார்த்தா, எதிரே தாய்லாந்து. தோற்றால் கிட்டத்தட்ட மூட்டை கட்ட வேண்டியதுதான். ராஜகோபாலின் மூட்டையும் சேர்த்து.

தாய்லாந்தின் பயிற்றுநர் யார்? பிரையன் ராப்சன். மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் தலைவர். லயத்துச் சுவரில் அந்தச் சிவப்புச் சட்டைப் படம் ஒட்டி வளர்ந்தவர்கள் இப்போது அவர் தோற்க வேண்டும் என்று கும்பிட வேண்டிய நிலை. லாவோசிடம் வழுக்கிவிட்டதால் தாய்லாந்துக்கும் வென்றே ஆக வேண்டும். காயம்பட்ட புலி இரண்டு, ஒரே கூண்டில்.

டிசம்பர் 4 மாலை. ஆடும் பதினொருவர் பட்டியல் வந்தது. ஐந்து கோல் வாங்கிய காவலர் பெயர் அதில் இல்லை. அந்த இடத்தில் 21 வயதுப் பையன் ஒருவன்: கைருல் பாமி சே மாட்.

எந்த அணி என்று கேட்டார்கள் கடையில்.

கிளந்தான்.

சத்தியநாதனைக் கூப்பிடு என்று மூன்று நாளாகத் தொண்டை வறளக் கத்தியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் வரவில்லை, அவர் அணியின் கோல் காவலன் வந்திருக்கிறான். நீக்கப்பட்டவரின் கையில் வளர்ந்தவனை நம்பி, நீக்கப்படப் போகிறவர் என்று ஊரே சொன்னவர் தம் வேலையை வலைக்கு முன்னால் வைத்துவிட்டார்.

நடுவர் விசில் ஊதினார். முதல் பந்தே தாய்லாந்தின் காலில்.

(தொடரும்)